வெந்நி கேட்க எந்த பாஷை? கடற்கரை விடுதிக்குப் போகுமுன் ஓர் ஒப்பீடு

இந்த மே மாதம் கடற்கரைக்குப் போவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. எந்தக் கடற்கரை என்பதுதான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் பேச்சு ஆரம்பிக்கும். வீட்டுக்காரர் செலவுக் கணக்குச் சொல்வார். பையனுக்கு நீச்சல் குளம் இருந்தால் போதும், கடல்கூட வேண்டாம். எல்லாம் பேசி ஓய்ந்த பிறகு அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்பார்: “அங்க வெந்நி கேட்டா புரியுமா?”

அம்மாவுக்கு ஊர் உசிலம்பட்டி, வயது எழுபத்திரண்டு, தமிழைத் தவிர வேறு பாஷை கிடையாது. ராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்கு இருமல் வரும். வெந்நீர் குடித்தால் அடங்கும். ஆனால் பக்கத்து அறையில் தூங்கும் எங்களை எழுப்ப மாட்டார். தானே கதவைத் திறந்துகொண்டு, வராண்டாவில் யாராவது தென்படுகிறார்களா என்று பார்ப்பார். அறையில் கெட்டில் இருக்குமே என்பீர்கள். இருக்கும். முன்னால் தங்கியவர் அதில் நூடுல்ஸ் வேகவைத்திருப்பார். அந்த வாசனையில் கொதித்த தண்ணீரை அம்மா தொடமாட்டார்.

அதனால் நான் ஊர்களை ஒப்பிடும் அளவுகோல் இதுதான். நடுராத்திரியில், துணைக்கு ஆள் இல்லாமல், எங்கம்மா அங்கே வெந்நீர் வாங்கிவிட முடியுமா? வாடகை, காலைச் சாப்பாடு, ஜன்னலில் கடல் தெரியுமா என்பதையெல்லாம் ஒப்பிட்டு எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பட்டியலில் இருந்தவை ஐந்து: ராமேஸ்வரம் பக்கம், கேரளத்துக் கோவளம், கோவா, இலங்கையின் தென்மேற்குக் கரை, இலங்கையின் கிழக்குக் கரை. பாலியும் மாலத்தீவும் முதல் வாரமே கழிந்துவிட்டன. பாலியில் ஆட்கள் அன்பானவர்கள்தான். பிறந்த வரிசைப்படி வயான், மாதே, ந்யோமான், கெதுத் என்று பெயர் வைக்கும் ஊர் என்பதால் நாலு பெயர் தெரிந்தால் பாதிப் பேரைக் கூப்பிட்டுவிடலாம். அங்கே புழங்கும் இந்தோனேசிய மொழியில் கப்பலுக்குக் கப்பல், பெட்டிக்குப் பெத்தி, கடைக்குக் கெடை என்று நம் சொற்களின் சாயலும் உண்டு. ஆனால் அவ்வளவு தூரம் அம்மா விமானத்தில் உட்கார மாட்டார். மாலத்தீவு விடுதிகளில் வங்கதேசத்துக்காரர், இலங்கைக்காரர், நம் ஊர்க்காரர் எனப் பல நாட்டு ஆட்கள் வேலை பார்க்கிறார்கள். அந்த ஊர் மொழியான திவேஹியைப் படித்துக்கொண்டு போனால் யாரிடம் பேசுவது என்று தேட வேண்டும்.

சரி, பக்கத்து ஊரிலிருந்து ஆரம்பிக்கிறேன். ராமேஸ்வரம், மண்டபம், அரியமான் என்றால் மதுரையிலிருந்து காரில் மூன்று, மூன்றரை மணி நேரம். தமிழ்நாட்டுக் கடற்கரை, பாஷைக் கவலை ஏது என்றுதான் இரண்டு வருடத்துக்கு முன் போனோம். வரவேற்பில் இருந்த தம்பி பரமக்குடிக்காரர், பிரச்சினை இல்லை. ஆனால் அவர் ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பிவிடுவார். அப்புறம் இருப்பது ரூம் பாய் மட்டும். அந்தப் பையன் நேபாளம்.

முதல் ராத்திரி அம்மா “தம்பி, வெந்நி” என்றார். அவன் குளிர்ந்த தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்தான். அம்மா தொண்டையைத் தொட்டுக் காட்டியதும் இன்னொரு பாட்டில் வந்தது. இரண்டாம் ராத்திரி “சுடுதண்ணி” என்றார். அந்தச் சொல் அவனுக்குத் தெரிந்திருந்தது. முகமெல்லாம் சிரிப்பாக ஓடிப்போய், ஒரு வாளி நிறையக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து குளியலறையில் வைத்துவிட்டுப் போனான். அவனுக்குத் தெரிந்த சுடுதண்ணி குளிக்கிற சுடுதண்ணி. மூன்றாம் நாள் காலையில் அம்மா அவனை உட்காரவைத்து, டம்ளரைக் காட்டி, ஆவியைக் காட்டி, உங்க ஊரில் இதற்கு என்ன பேர் என்று கையாலேயே கேட்டிருக்கிறார். “தாதோ பானி” என்றானாம். அம்மா அதை “தாத்தா பாணி” என்று மனதில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து ராத்திரி ஒன்பதரைக்கு ஃபிளாஸ்க் தானாக வந்தது. தன்னைப் ‘பாய்’ என்று கூப்பிடச் சொன்னானாம். நேபாளியில் அது தம்பி. “அப்ப நோன்பெல்லாம் வைப்பியா?” என்று அம்மா கேட்டது தனிக்கதை.

அந்தப் பயணத்தில்தான் எனக்கு விஷயம் உறைத்தது. ஊரின் மொழி ஒன்று, விடுதியில் தண்ணீர் கொண்டுவருபவரின் மொழி இன்னொன்று. நாம் வரைபடத்தைப் பார்த்து, கோவா என்றால் கொங்கணி, கேரளா என்றால் மலையாளம் என்று நினைத்துக்கொள்கிறோம். வேலைக்கு ஆள் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதில்லை. இப்போதெல்லாம் அறை பதிவு செய்யப் போனில் பேசும்போது, “ராத்திரி டியூட்டியில் இருக்கிறவங்க எந்த ஊரு?” என்று கேட்டுவிடுகிறேன். முதலில் திகைப்பார்கள். காரணம் சொன்னால் பதில் வரும்.

கோவாவில் நான் செமத்தியாக ஏமாந்தது இதனால்தான். கல்யாணத்துக்கு முன் அலுவலகத் தோழிகளோடு போனேன். கொங்கணியில் பத்து வாக்கியம் எழுதிவைத்துப் படித்தேன். நன்றிக்கு அங்கே ‘தேவ் பரே கரூம்’ என்பார்கள், கடவுள் உனக்கு நல்லது செய்யட்டும் என்று பொருள். எவ்வளவு அழகு! 1987-இல் கோவாவின் ஆட்சிமொழியாகி, 1992-இல் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலும் ஏறிய மொழி. நான் அந்த வாக்கியத்தை முதன்முதலாக யாரிடம் சொன்னேனோ அவர் ஜார்க்கண்ட்காரர். “மேடம், வந்து ஆறு மாசம்தான் ஆச்சு, எனக்கும் இன்னும் வரல” என்று இந்தியில் சொன்னார். அங்கே பெரிய விடுதிகளில் இந்திதான் பொது. ‘கரம் பானி’ என்ற இரண்டு சொல் போதும், ராத்திரி வேலை முடிந்துவிடும். கிராமத்து வீடுகளில், குடும்பமே நடத்தும் சின்னத் தங்குமிடங்களில் தங்கினால் மட்டும் கொங்கணிக்கு மதிப்பு. வீட்டுக்காரப் பாட்டி இரண்டு வார்த்தை கேட்டதும் அடுப்படிக்கே கூட்டிப்போய்விடுவார். மே கடைசியில் மழைக்கு முன்னால் புழுக்கம் தாங்காது, மதுரையிலிருந்து போய்ச் சேர்வதும் சுற்று. கோவாவை டிசம்பருக்கு வைத்துக்கொள்ளலாம்.

கோவளம் கதை வேறு. மதுரையில் ராத்திரி புனலூர் ரயில் ஏறினால் விடிந்தபின் திருவனந்தபுரம், அங்கிருந்து ஆட்டோவில் கோவளம். செலவு குறைவு, விசா கிடையாது, சாம்பாரும் கிடைக்கும். திருவனந்தபுரத்தை ஒட்டிய கன்னியாகுமரி மாவட்டமே 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்ததுதான். அதனால் அங்கே தமிழ் புரியாதவர் குறைவு. நாம் தமிழில் பேச, அவர்கள் மலையாளத்தில் பேச, காரியம் நடந்துவிடும்.

ஆபத்தும் அதிலேதான். தெரியாத பாஷை என்றால் நாம் கவனமாக இருப்போம். பாதி தெரிந்த பாஷையில் அந்தக் கவனம் போய்விடும். அறை சுத்தம் செய்ய வந்த சேச்சி, “முறி விருத்தியாக்கட்டே?” என்று கேட்டார். அறையைச் சுத்தம் செய்யட்டுமா என்று பொருள். முறி என்றால் அறை, விருத்தி என்றால் சுத்தம். அம்மா என்னிடம் வந்து, “எதையோ முறிச்சு விருத்தி பண்றேங்குது, என்னன்னு கேளு” என்றார். இதெல்லாம் சிரிக்கிற விஷயம். பட்டி என்றால் அங்கே நாய் என்று தெரியாமல் அம்மா பெருமையாக உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, வாடிப்பட்டி என்று சொந்தக்காரர் ஊர்களை அடுக்கியதும் சிரிக்கிற விஷயம்தான்.

சிரிக்க முடியாதது ஒன்று நடந்தது. கலங்கரை விளக்கம் பக்கத்துக் கரையில் பையன் தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டிருந்தான். தூரத்திலிருந்து உயிர்காப்பாளர் விசில் அடித்து, “இறங்கல்லே! இறங்கல்லே!” என்று கத்தினார். என் வீட்டுக்காரர் காதில் அது ‘இறங்கலையா?’ என்று விழுந்திருக்கிறது. கையசைத்து, “இந்தா இறங்குறோம்” என்று பையனைக் கூட்டிக்கொண்டு இன்னும் நாலடி உள்ளே போனார். இறங்கல்லே என்றால் இறங்காதே. நம் மொழியிலும் அவர்கள் மொழியிலும் ‘இறங்கு’ ஒன்றுதான். வேண்டாம் என்பது கடைசி அசையில் ஒளிந்திருக்கிறது. கடல் இரைச்சலில் கடைசி அசைதான் முதலில் காணாமல் போகும். அவர் ஓடிவந்து பையனின் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் புரிந்தது.

அது ஏப்ரல் கடைசி. ஏப்ரல், மே மாதங்களில் கேரளக் கரையில் திடீரென அலை பொங்குவதைக் ‘கள்ளக்கடல்’ என்கிறார்கள். தெற்கே எங்கோ தொலைதூரக் கடலில் கிளம்பிய அலை, இங்கே காற்றும் இல்லாமல் மழையும் இல்லாமல் கள்ளன் மாதிரி வந்து அடிக்கும். கன்னியாகுமரிக் கரையையும் அது விடுவதில்லை. கோவளம் போகிறவர்கள் மலையாளத்தில் நன்றி சொல்லக் கற்காவிட்டாலும் பரவாயில்லை. ‘அல்லே’ என்று முடிந்தால் செய்யாதே, ‘அருது’ என்று முடிந்தாலும் செய்யாதே. இந்த இரண்டையும் குழந்தைகளுக்கும் சொல்லிவைத்துப் போங்கள்.

வெந்நீர்க் கேள்விக்குக் கோவளத்தின் பதில் ‘சூடு வெள்ளம்’. அம்மாவுக்கு ஒரே நாளில் வந்துவிட்டது. எரிவு குறைச்சு மதி என்றால் காரம் குறைவாகப் போதும். ஏசி கேடாயி என்றால் ஏசி போச்சு. குறைச்சு கழிஞ்ஞு வா என்றால் கொஞ்சம் பொறுத்து வா. எல்லாமே தமிழுக்கு ஒன்றுவிட்ட தங்கை. ஆனால் கேரளத்திலும் ராத்திரி டியூட்டிக்கு அஸ்ஸாம், வங்காளம், ஒடிசா ஆட்கள் நிறைய வந்துவிட்டார்கள். அரசாங்கமே அவர்களை அதிதித் தொழிலாளிகள் என்கிறது. மாநில எழுத்தறிவு இயக்கம் ‘சங்ஙாதி’ என்ற பெயரில் அவர்களுக்கு மலையாளமே சொல்லிக்கொடுக்கிறது. நாங்கள் தங்கிய இடத்தில் ஒரு வங்காளத்துப் பையன் என்னைவிட நன்றாக மலையாளம் பேசினான். அம்மாவும் அவனும் இருவருக்கும் சொந்தமில்லாத அந்தப் பாஷையில் ராத்திரி ஒரு மணிக்கு வெந்நீர் பேரம் நடத்தினார்கள்.

இங்கிலீஷ் இருக்கிறதே என்று வீட்டுக்காரர் கேட்டார். இருக்கிறது, வரவேற்பு மேசை வரைக்கும். அதைத் தாண்டித் துண்டு மடிக்கிறவர், தோட்டக்காரர், படகுக்காரர் என்று போகப்போகக் கரைந்துவிடும். போனில் மொழிபெயர்த்துக்கொள்ளலாம் என்றான் பையன். பகலில் மெனு கார்டு படிக்க அது நன்றாகவே உதவும். நடுராத்திரி இருமிக்கொண்டு, கண்ணாடி போடாமல், அம்மா போனைத் திறந்து மைக்கை அழுத்தி ‘வெந்நி’ என்று சொல்லி, அது அதை என்னவாகப் புரிந்துகொள்ளும் என்று நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வருகிறது.

வெறும் வணக்கமும் நன்றியும் கற்றுக்கொண்டு போவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. நம் ஊரையே பாருங்கள். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி எத்தனை வெளிநாட்டுக்காரர்கள் கைகூப்பி ‘வணக்கம்’ என்கிறார்கள். கடைக்காரர் சிரித்துவிட்டு இங்கிலீஷுக்கு மாறிவிடுவார். ஒருநாள் டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு பரோட்டாக் கடையில் ஒரு வெள்ளைக்காரம்மா தட்டை நீட்டி, “அண்ணே, கொஞ்சம் சால்னா” என்றார். பரோட்டா அடித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். சால்னாவை ஊற்றிவிட்டு, கேட்காமலே இன்னொரு பரோட்டாவையும் வைத்தார். அந்தம்மா பேசியது மூன்றே சொல். ஆனால் அதில் ஒரு உறவுமுறை இருந்தது, ஒரு தேவை இருந்தது. சுற்றுலாப் புத்தகத்து நன்றியில் இரண்டும் கிடையாது.

உறவுமுறை என்றதும் இலங்கை ஞாபகம் வருகிறது. மதுரையிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் உண்டு, சுமார் ஒரு மணி நேரம்தான். திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போவதைவிடச் சீக்கிரம். கல்யாணமான புதிதில் நாங்கள் இருவரும் பெந்தோட்டை போனோம், அது தென்மேற்குக் கரை. விடுதியில் எல்லாரும் அந்தப் பக்கத்துச் சிங்களக்காரர்கள், ஊர் மொழியும் ஆட்கள் மொழியும் ஒன்று. அப்படிப்பட்ட இடத்தில்தான் நாலு சொல் கற்றது நாற்பது சொல்லுக்கு வேலை செய்யும். சிங்களத்தில் அக்கா என்றால் அக்காவேதான். ஐயா என்றால் அண்ணன், மல்லி என்றால் தம்பி, நங்கி என்றால் தங்கை. பணத்துக்குச் சல்லி. சல்லிக்காசு முடிந்த மாட்டைப் பிடிக்கிற ஊர்க்காரர்களுக்கு அதை மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை. வெந்நீருக்கு ‘உணு வத்துர’. காரம் குறைக்க ‘மிரிஸ் அடுவென்’. அப்புறம் வா என்பதற்கு ‘பஸ்ஸே என்ன’. வீட்டுக்காரர் அதைக் கேட்டு, பஸ்ஸுக்கு என்ன ஆச்சு என்று வாசலுக்குப் போனார்.

கடற்கரையில் ஒரு குட்டிப் பெண், முப்பது வயதுகூட இருக்காத ஓர் ஆளைத் ‘தாத்தா, தாத்தா’ என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடியது. எனக்குப் பாவமாக இருந்தது. அப்புறம்தான் தெரிந்தது, அங்கே தாத்தா என்றால் அப்பா. நம் தாத்தாவுக்கு அங்கே ‘சீயா’. இதை அம்மாவிடம் சொன்னபோது கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. உசிலம்பட்டிப் பக்கம் தாத்தாவைச் சீயான் என்றுதானே கூப்பிடுகிறார்கள்!

ஆனால் மே மாதத்துக்குப் பெந்தோட்டை ஆகாது. அந்தக் கரைக்கு நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான் நல்ல காலம், மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். அதே மாதம் மறுபக்கம், கிழக்குக் கரையில் கடல் அமைதியாகிவிடும். நம் பிள்ளைகளின் முழுப் பரீட்சை லீவுக்கென்றே அமைந்த மாதிரி. திருகோணமலைப் பக்கம் நிலாவெளி, உப்புவெளி. மட்டக்களப்புப் பக்கம் பாசிக்குடா. பாசிக்குடாவில் கரையிலிருந்து வெகுதூரம் வரை ஆழமில்லை, பையனைப் பற்றிய பயம் குறையும். 2009-இல் போர் முடிந்த பிறகுதான் பெரிய விடுதிகள் வந்தன. சுற்றுவட்டாரம் தமிழ் பேசும் ஊர்கள், இந்துக்களும் முஸ்லிம்களும் பேசுவது தமிழ். இலங்கையில் 1987-லிருந்து தமிழும் ஆட்சிமொழி என்பதால் பெயர்ப்பலகையைக்கூட அம்மாவே படித்துக்கொள்ளலாம்.

போன வருடம் என் நாத்தனார் குடும்பம் போய்வந்தது. மேலாளரும் சமையல்காரரும் கொழும்புப் பக்கத்துச் சிங்களக்காரர்கள், அறை வேலைக்கும் ராத்திரிக் காவலுக்கும் உள்ளூர்த் தமிழர்கள் என்று சொன்னார். அதாவது நமக்கு வேண்டிய மணி நேரத்தில் வேண்டிய பாஷை. ஆனால் அங்கேயும் ஒரு சண்டை வரப்பார்த்ததாம். வரவேற்பில் இருந்த பிள்ளை, “காலமை ஏழு மணிக்குப் படகு, விளங்குதா?” என்று கேட்டிருக்கிறது. நாத்தனாருக்குச் சுருக்கென்றது. மதுரையில் ‘விளங்காதவன்’ என்பது வசவு, ‘நீ வெளங்கிருவ’ என்பது அதைவிட வசவு. அங்கே விளங்குதா என்றால் வெறுமனே புரியுதா. ‘ஆறுதலா வாங்கோ’ என்றால் மெதுவாக வாருங்கள், யாரும் துக்கம் விசாரிக்கவில்லை. துண்டுக்குத் துவாய். பேசுவதற்குக் கதைப்பது. ஆமாவுக்கு ஓம். இந்த அரை டஜனைத் தெரிந்துகொண்டால் போதும். முக்கியமாக, தவறாகப் புரிந்தால் கோபம் வருமே தவிர யாரும் கடலுக்குள் இறங்கிவிட மாட்டார்கள்.

பாசிக்குடாவில் குறையும் இருக்கிறது. கொழும்பில் இறங்கிய பிறகு தீவைக் குறுக்காகக் கடக்க வேனில் ஆறேழு மணி நேரம். அம்மாவின் முழங்காலுக்கு அது லேசானதல்ல, நடுவில் ஒரு ராத்திரி எங்காவது தங்கித்தான் போக வேண்டும். கோவளத்தோடு ஒப்பிட்டால் செலவு பல மடங்கு. வீட்டுக்காரர் அதைச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார். வெறும் மூன்று நாள், கையைக் கடிக்கக்கூடாது என்பவர்களுக்கு நானும் கோவளத்தைத்தான் சொல்வேன், ஆனால் கடலும் அமைதியாக இருக்கும் டிசம்பர், ஜனவரியில். சிங்களத்தை ரசித்துக் கற்க ஆசையுள்ள ஜோடிகளுக்குப் பிப்ரவரியில் பெந்தோட்டை. வயதானவரும் குழந்தையும் சேர்ந்து மே மாதம் கிளம்பும் எங்களைப் போன்றவர்களுக்குக் கிழக்குக் கரை.

போன ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் சொல்லி முடித்தேன். அம்மா வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டார்.

“அங்க வெந்நிக்கு என்ன பேரு?”

“சுடுதண்ணிம்மா.”

“வாளியிலயா, டம்ளர்லயா?”

“எதுல வேணும்னு நீயே சொல்லிக்கலாம்.”

அம்மா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டு பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டுகளைத் தேடினார். மூன்றுதான் இருந்தன. அம்மாவுக்கு இதுவரை எடுத்ததே இல்லை. ஆதாரில் பிறந்த தேதி ஜனவரி 1 என்று இருக்கிறது. அது உண்மையான தேதியா என்று கேட்டால், “வாத்தியார் போட்டது” என்கிறார். செவ்வாய்க்கிழமை காலையில் பாஸ்போர்ட் ஆபீஸில் நேரம் வாங்கியிருக்கிறோம்.